பதினொரு புள்ளிகள்

மகன் பால் குடித்தபடியே தூங்கிப்போனான். கட்டிலில் கிடத்தினால் விழித்துவிடுவான் என்று மடியிலேயே வைத்துக்கொண்டு, றுமானா பக்கத்தில் கிடந்த தாளை இழுத்துப் புள்ளிகள் வரைந்தாள். சும்மா, கை இருக்கமாட்டாமல்தான். பத்துப் புள்ளி வரைக்கும் அவளும் கூட்டாளியும் எழுதிவரும் தேற்றம் சொன்னபடியே வந்தது. பதினோராவது புள்ளியைப் போட்டு நான்கு கோடுகளால் இணைத்தபோது வரவில்லை. மறுபடி எண்ணினாள். மகனின் மூச்சு முழங்கையில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் முறையும் வரவில்லை.

இளம் கணித ஆய்வாளர்களுக்கென்று வாவிக்கரை விடுதியொன்றில் நடந்த இரண்டு வாரக் கோடைகால முகாமுக்கு அவள் வந்திருந்தாள். விரிவுரை, விடைத்தாள் என்ற தொந்தரவு எதுவுமில்லாமல் இருவர் இருவராக ஒரே கணக்கோடு இருக்கலாம். கைக்குழந்தையோடு வரலாம், பிள்ளையைப் பார்க்க ஓராளையும் கூட்டி வரலாம் என்று விண்ணப்பத்தில் இருந்த ஒரு வரியை நம்பித்தான் றுமானா எழுதிப்போட்டாள். ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கும் கணவன் றிஸ்லான், "ரெண்டு கிழமதானே" என்று கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டான். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த டினுஷா அவளுடைய கூட்டாளி. புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் பற்றிய அந்தத் தேற்றத்தை இருவரும் இரண்டு வருடமாகத் தொலைபேசியிலேயே வளர்த்தெடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னும் சொல்லிவிட்டுச் சஞ்சிகைக்கு அனுப்புவதாக இருந்தது. டினுஷாவின் தற்காலிக விரிவுரையாளர் வேலை மாதக் கடைசியோடு முடிகிறது. அடுத்த நேர்முகத்துக்கு அந்தக் கட்டுரையைத்தான் அவள் நம்பியிருந்தாள். பிழையாகிப்போன பகுதியோ றுமானா எழுதியது.

பிள்ளையின் துணிகளைக் காயப்போட்டுவிட்டு வந்த றிஸ்லான் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன புள்ள?"

"நான் எழுதின ஒரு துண்டு பிழ. முழுக் கணக்கும் அதுலதான் நிக்கிது."

"ஆருக்கும் தெரியுமா?"

"இன்னும் இல்ல. நான் சொல்லாட்டி கன நாளைக்குத் தெரியவராது."

அவன் குனிந்து மகனைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டான். "அப்ப போய்ச் சொல்லிட்டு வா. இவன நான் பாக்கன்."

மண்டபத்தில் டினுஷா கரும்பலகை முன்னால் நின்றிருந்தாள். றுமானா நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தாள். பதினொரு புள்ளிகளையும் பலகையில் புதிதாகப் போட்டு, ஒவ்வொரு கோடாகத் தானே எண்ணி வந்தாள். வெண்கட்டி ஒருதரம் உடைந்தது. எண்ணி முடித்ததும், "பிழதான்" என்றாள்.

"மன்னிச்சிக்க டினு."

டினுஷா வெண்கட்டியை வைத்துவிட்டு வெளியே போனாள். செருப்பைக் கையில் பிடித்தபடி கரையோரம் நடந்து போவது யன்னல் வழியே தெரிந்தது. மேற்கிலிருந்து வீசிய கச்சான் காற்று அவள் சட்டையை ஒரு பக்கமாக இழுத்தது. றுமானா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இந்தப் பதினொரு புள்ளிகளை இதற்கு முன் ஒருவரும் இப்படிப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று நினைத்தபோது எழுந்த சந்தோஷம் அது. டினுஷாவை நினைத்ததும் அதற்காக வெட்கப்பட்டாள்.

அரை மணித்தியாலம் கழித்து டினுஷா சேறு அப்பிய காலோடு வந்தாள்.

"ஏன் பதினொண்டு? பத்துல ஏன் உடையுதில்ல?"

"தெரியா."

"எனக்கும் தெரியா. இன்னும் நாலு நாள் கிடக்கு. வெள்ளிக்கிழம இதத்தான் சொல்லுவம்."

"இன்டர்வியூக்கு?"

"அதுக்கும் இதத்தான் கொண்டு போறன். எடுத்தா எடுக்கட்டும்."

றிஸ்லான் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு சோற்றுப் பார்சல்களோடு வந்து நின்றான். "முதல்ல சாப்பிடுங்க தங்கச்சி. கறி ஆறுது."

டினுஷா பார்சலைப் பிரித்து மீன்கறியைப் பிசைந்தாள். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் இடக்கை ஒரு தாளை இழுத்துப் பத்துப் புள்ளிகளைப் போட்டுவிட்டது. அவற்றை இணைத்த கோடுகள் முதலாம் வகுப்புப் பிள்ளை வரைந்ததுபோலக் கோணிக்கொண்டு போயின. சோற்றை மென்றபடி பார்த்திருந்த றுமானா தானும் இடக்கையில் பென்சிலை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். அது வளைந்து வளைந்து போய், தொட வேண்டிய புள்ளியைத் தாண்டி நின்றது.