சுழியம் இருக்க வேண்டிய கட்டம்

நான் அவசரக்காரி. எதையும் ஆற அமரச் செய்ய உனக்கு வராது என்று அக்கா சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சலித்துவிட்டாள். அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது அன்று காலை ஒன்பது இருபத்தைந்துக்கு, திரையில் நான்கு எண்களாக வந்து நின்றது.

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் எனக்குக் கணினி நிரல் எழுதும் வேலை. கீழ்த்தளத்தில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரம். எந்த இடத்தில் எவ்வளவு கதிர் பாய வேண்டும் என்பதை ஓர் அணியில், அதாவது எண் அட்டவணையில், கட்டம் கட்டமாக வைத்திருப்போம். இன்னோர் அணி காவலுக்கு. காக்க வேண்டிய நரம்பு இருக்கும் கட்டத்தில் சுழியம், மற்றதில் ஒன்று. ஒவ்வொரு கட்டத்தையும் அடுத்த அணியில் அதே இடத்தில் இருக்கும் கட்டத்தோடு பெருக்க வேண்டும், அவ்வளவுதான். நரம்பின் மேல் கதிர் சுழியமாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

அதைத்தான் நான் புதுக் கணினி மொழியில் திருப்பி எழுதினேன். பழைய மொழியில் நட்சத்திரக் குறி போட்டால் கட்டத்துக்குக் கட்டம் பெருக்கும். புது மொழியில் அதே குறி வரிசையை நெடுவரிசையோடு பெருக்கிக் கூட்டிவிடும். கட்டத்துக்குக் கட்டம் வேண்டுமானால் முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். எனக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். பத்து வருஷப் பழக்கத்தில் கை அதன் பாட்டுக்கு அடித்துவிட்டது. இரண்டும் சதுர அணிகள் என்பதால் கணினியும் பிழை என்று சொல்லவில்லை.

சோதித்தேனா என்றால், சோதித்தேன். கண்ணால் பார்த்தே சரிபார்த்துவிடலாம் என்று, மூலைவிட்டத்தில் மட்டும் எண்களும் மற்றதெல்லாம் சுழியமுமாக இரண்டு அணிகளை எடுத்துக்கொண்டேன். அந்த மாதிரி அணிகளை எந்த முறையில் பெருக்கினாலும் ஒரே விடைதான் வரும். கீழே இயந்திரத்தில் ஆளுக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டியை வைத்து அளந்தும் பார்த்தார்கள். தொட்டியில் காக்க வேண்டிய நரம்பு ஏது? அந்த வரி ஓடவேயில்லை. மேலாளர் கையெழுத்துப் போட்டார். அன்று முதல் எல்லோருக்கும் என் நிரல்தான் என்று முடிவானது.

அன்று ஒன்பதேகாலுக்கு, எல்லோருக்கும் முன்னால், அக்காவுக்குத் தொண்டையில் முதல் கதிர்வீச்சு. வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்று அத்தான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நம்ம வீட்டுப் பிள்ளை எழுதியது இருக்க எனக்கு என்ன பயம் என்று அவள் அவர் வாயை அடைத்துவிட்டாள்.

காலையில் நிரலின் விளக்கக் குறிப்புக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சின்ன அணி ஒன்றைப் போட்டேன். காவல் அணியில் ஒரே ஒரு சுழியம். விடையில் அந்தச் சுழியத்தின் இடத்தில் இரண்டு நின்றது. பக்கத்தில் ஒன்று இருக்க வேண்டிய கட்டத்தில் மூன்று.

இயந்திர அறைக்குப் போன் போட்டேன், யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் போன் உடை மாற்றும் அறையில் பூட்டியிருக்கும். மின்தூக்கி ஐந்தாவது மாடியிலேயே நின்றது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் படியில் ஓடினேன். நரம்பு கருகினால் கை விளங்காமல் போகுமா, மூச்சு நிற்குமா? எனக்கு ஒன்றும் தெரியாது. நான் எண்களைப் பெருக்குகிறவள். அதையும் ஒழுங்காகச் செய்யாதவள்.

நடைபாதை முனையை அடைந்தபோது கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அணைந்தது. முடிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னடி இப்படி ஓடி வர்ற?"

அக்கா. பெஞ்சில், மருத்துவமனை அங்கியோடு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் ஓட்டுநர் ஒருவர் வேலைக்கு நேரமாகிறதென்று பதறினாராம். எனக்கென்ன அவசரம், நீங்க முதல்ல போங்க என்று இவள் முறையை விட்டுக்கொடுத்துவிட்டாளாம்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சிரித்தேன். "நல்லவேளை நீ போகல. தெய்வமே, நல்லவேளை" என்றேன். இரண்டு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இயந்திரம் இயக்குபவர் எட்டிப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டார். நிறுத்துங்கள், இனி யாரையும் உள்ளே விடாதீர்கள் என்று அவரிடம் கத்தினேன். அவருக்குப் பின்னால் ஓட்டுநர் காக்கிச் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றார். நாற்பது வயதிருக்கும். கதிர் பாய வேண்டிய இடத்தைக் குறித்த பேனாக் கோடு கழுத்தில் இன்னும் இருந்தது.

அக்காவுக்கு எதுவும் உறைக்கவில்லை. "அண்ணா, இவதான் என் தங்கச்சி. இவ எழுதினதுலதான் இந்த மிஷின் ஓடுது" என்றாள் பெருமையாக.

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டிருந்தார்.

"ஏம்மா, அக்கா போகலன்னு நல்லவேளைங்கிறீங்க. நான் போயிட்டு வந்தேனே" என்றார்.

அக்கா என் கையை மெல்ல விட்டாள்.

"உட்காருங்கண்ணா" என்றேன். "இன்னைக்கு பஸ் எடுக்காதீங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."