ஆறு வரிகள்

பாஸ்கா பண்டிகைக்கு முந்திய நாள் காலை. ஹைஃபாவின் மேல்தெரு ஜெபக்கூடத்தில் பதினோரு தலைச்சன்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். எகிப்தில் தலைச்சன்கள் மாண்ட இரவில் தங்கள் முன்னோர் தப்பியதை நினைத்து, வீட்டுக்கு மூத்த ஆண்கள் அன்று நோன்பு இருக்க வேண்டும். ஆனால் யாராவது யூத மறைச்சட்ட நூலில் ஒரு பகுதியைப் படித்து முடித்தால் அது விருந்து. விருந்தில் கூட இருந்தவன் சாப்பிடலாம். அதனால் இந்த நாளுக்கென்று கடைசி வரிகளைப் படிக்காமல் மிச்சம் வைப்பது வழக்கம்.

மிச்சம் வைத்தவர் ஸெராக். மருந்துக்கடைக்காரர். ஆறு வரி.

"ஸெராக், ஆரம்பிய்யா. பண்டிகைக்குப் புளிச்ச மாவு ஆகாது, பத்து மணி தாண்டினா இந்தக் கேக்கைத் தொடக்கூடாது. நானே சுட்டதை நானே எரிக்கணும்" என்றார் பேக்கரி கெர்ஷோன்.

ஸெராக் புத்தகத்தைத் திறந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

பத்தொன்பது வருடம் அதில் எல்கானா உட்கார்ந்திருந்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். தினமும் காலை ஐந்தரைக்குக் கீழ்த்தெருவிலிருந்து படியேறி, மூச்சு வாங்க வந்து சேர்வார்.

"ஒரு நாளாவது நீ இறங்கி வாயேன்டா. என் முழங்கால் என்ன இரும்பா?"

"புத்தகமெல்லாம் மேலதானே இருக்கு?"

"புத்தகத்துக்குக் கால் இல்ல. உனக்கு இருக்கு."

எல்கானா எந்த வாக்கியத்தையும் எஞ்சினைப் போலப் பிரித்துப் போட்டுவிடுவார். திரும்பப் பூட்டுவது ஸெராக்கின் பாடு. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் சண்டை போட்டதும் உண்டு. இந்தப் பகுதிக்கு மட்டும் நாலு வருடம் ஆனது.

மாசி மாதக் குளிரில் எல்கானாவைக் கடலோர மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்து போன் செய்தார்.

"ஆறு வரிதானே. புத்தகத்தைத் தூக்கிட்டு வா, முடிச்சிடுவோம்."

"இப்ப முடிச்சுட்டா பண்டிகைக்கு எதைப் படிக்கறது? பதினோரு பேர் பட்டினி கிடக்கறதா? வாக்குக் கொடுத்துட்டேன். நீ எழுந்து வா."

"எனக்கு முடிவு தெரியணும்டா."

"வரி எங்கயும் ஓடிடாது."

"வரி ஓடாது" என்றார் எல்கானா. "சரி, கடையைப் பாரு."

அதற்கு ஒன்பதாம் நாள் அவரை அடக்கம் செய்தார்கள்.

இன்று காலை வாசலில் எல்கானாவின் மகள் யிஸ்கா நின்றிருந்தாள். கேட்க நினைத்ததை ஸெராக் கேட்டுவிட்டார்.

"அப்பா அந்தக் கடைசி வரிகளைப் படிச்சாரா, யிஸ்கா?"

"நான் ஒரு புத்தகம் கொண்டுபோயிருந்தேன், கட்டில்லதான் இருந்துச்சு, மாமா. நான் படிச்சுக் காட்டறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டார். 'ஸெராக் இல்லாம படிச்சா யாரோட சண்டை போடறது'ன்னார்."

ஸெராக் படிக்கத் தொடங்கினார். சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு தோட்டங்கள். நடுவில் உள்ள மண்சுவரில் கீரை முளைக்கிறது. அது யாருக்குச் சொந்தம்? மேலே இருப்பவன் கையை நீட்டி எட்டுகிற வரை அவனுக்கு. மிச்சம் கீழே இருப்பவனுக்கு. ஆனால் மேலே இருப்பவன் தன்னை வருத்தி எட்டக்கூடாது.

முடிந்தது. அவர் தலையை நிமிர்த்தினார்.

"யாருக்காவது கேள்வி இருக்கா?"

"இருக்கு. கத்தி எங்க?" என்றார் கெர்ஷோன். எல்லாரும் சிரித்தார்கள்.

எல்கானாவாக இருந்தால் விட்டிருக்க மாட்டார். குள்ளனுக்கு ஒரு சட்டம், நெட்டையனுக்கு ஒரு சட்டமா என்று ஆரம்பித்திருப்பார். ஸெராக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து யிஸ்காவின் குரல் வந்தது.

"நான் கேக்கலாமா, மாமா?"

"கேளும்மா."

"மேல இருக்கறவனுக்குச் சுலபமா எட்டுது. வருத்திக்கவே வேணாம். ஆனா அவன் கையையே நீட்டல. அப்ப?"

கெர்ஷோன் கத்தியைக் கீழே வைத்தார்.

நல்ல கேள்வி. தோட்டத்தைப் பற்றியது மட்டும் என்றால் பதில் இருக்கிறது. உரைகாரர்களிடம் தேடினால் இரண்டு கிடைக்கும். பத்தொன்பது வருடமாக ஸெராக்கிடம் பதில் தீர்ந்ததே இல்லை.

"தெரியலம்மா" என்றார்.

முடிவு வாழ்த்தை வாசித்தார். உன்னிடம் திரும்பி வருவோம் என்று புத்தகத்துக்குச் சொல்லும் வாழ்த்து. தலைச்சன்கள் உரக்க ஆமென் சொல்லிவிட்டுக் கேக்கை எடுத்தார்கள். பத்தாக ஏழு நிமிடம் இருந்தது. ஒரு துண்டை அவர் கையிலும் வைத்தார்கள். அவர் தலைச்சன் இல்லை. அவருக்கு நோன்பும் கிடையாது. அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். யிஸ்கா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடவில்லை. அவள் பின்னாலேயே படியிறங்கினார். இரண்டு திருப்பம், ஒரு எலுமிச்சை மரம், எல்கானாவின் வீட்டு நீலக் கதவு. அதற்கும் கீழே, கடலை ஒட்டி, மருத்துவமனையின் கூரை தெரிந்தது.

அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.