சின்ன வட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு, இருதயராஜ் பாயின் மேல் அந்தப் பெரிய தாளை விரித்தான். சுருண்டுகொண்டே இருந்த தாளுக்கு ஒரு மூலையில் செம்பு, ஒரு மூலையில் ஜெபப் புத்தகம், இன்னொன்றில் உப்புச் சட்டி வைத்தான். நாலாவதற்கு ஒன்றும் கிடைக்காமல் தன் முழங்காலையே ஊன்றிக்கொண்டான்.

தாளில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டில் கோத்தாற்போல வட்டங்கள், சதுரங்கள், முக்கோணங்கள். ஆம்பூர் தோல் ஷாப்பில் பச்சைத் தோல் ஒன்று உள்ளே வந்ததிலிருந்து, பதமாகிக் கட்டுக் கட்டி வண்டியேறும் வரை அதற்கு நடப்பதெல்லாம் அந்தக் கோட்டில் இருக்கவேண்டும். முதலாளியின் தங்கை மகன் லியாகத் அலி சீமையில் தோல் படிப்பு படித்துவிட்டு வந்திருந்தார். ஒரு மாதமாக, தினம் காலையில் ஒரு மணி நேரம், கிளார்க்குகள் மூன்று பேருக்கு இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். பெரிய வட்டம் என்றால் தோலின் மேல் வேலை நடக்கிறது. சின்ன வட்டம் என்றால் தோல் ஓரிடம் விட்டு ஓரிடம் போகிறது. யாராவது அதைச் சோதித்துப் பார்த்தால் சதுரம். சும்மா கிடந்தால் முக்கோணம். யாருடைய படம் சரியாக வருகிறதோ அவருக்குத் தனி மேசை, ‘சார்ட் மேஸ்திரி’ என்று பெயர். பதினொரு வருஷம் தோல் சீவிக்கொண்டிருந்தவன் இருதயராஜ். சாமியார் பள்ளிக்கூடத்து எட்டாங்கிளாஸ் போன ஈஸ்டருக்குத்தான் அவனை ஆபீசுக்குள் கொண்டுவந்து உட்கார்த்தியிருந்தது. அந்த மேசை அவனுக்குக் கனவிலும் வந்தது.

அமிர்தவள்ளி வெங்காயத்தோடு வந்து பக்கத்தில் குந்தினாள். அதே ஷாப்பில் தோல் தூக்குகிறவள். புருஷன் கிளார்க்கான பிறகும் அவள் வேலையை விடவில்லை. அது அவனுக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

“இன்னா இது, கோலமா?”

அவன் சிரித்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு குறியாகச் சொன்னான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். பிறகு கத்தி முனையால், தாளைத் தொடாமல், ஓரிடத்தைக் காட்டினாள்.

“சுண்ணாம்புக் குழிலேந்து நேரா சீவற கட்டைக்குப் போவுதுன்னு போட்டுக்கிற. யாருய்யா நேரா தூக்கினு போறா? கட்டையில எடம் ஏது? செவுத்தோரம் போட்டுட்டு வந்துடுவோம். மத்தியானம் சாப்ட்டுட்டு மறுபடியும் தூக்குவோம். அப்ப இங்க ஒரு சின்ன வட்டம், ஒரு முக்கோணம், இன்னொரு சின்ன வட்டம்.”

அவளுக்கு எழுத்துத் தெரியாது. இந்தக் குறிகளுக்கு எழுத்துத் தேவையும் இல்லை என்பது அதுவரை அவனுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு மாதமாக அவன் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை, நாலு வெங்காயம் உரிக்கிற நேரத்தில் அவள் வாங்கிக்கொண்டாள். மொத்தம் ஏழு இடம் காட்டினாள். ஏழையும் அவன் போட்டுக்கொண்டான். பென்சிலைக் கீழே வைத்தபோது, படம் இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்துக்குள் ஏதோ ஒன்று முள்ளாகக் குத்தியது.

திங்கட்கிழமை லியாகத் அலி படத்தை வெகுநேரம் பார்த்தார். “இதைத்தான் கேட்டேன். மத்தவங்க நாற்காலியில உக்காந்து போட்டிருக்காங்க. நீங்க நடந்து பாத்திருக்கீங்க” என்றார். நடந்தது அமிர்தவள்ளி என்று இருதயராஜ் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அவன் தாளின் சுருண்ட மூலையை நீவிவிட்டான்.

“சரி, கிணத்தோரம் தோல் ஒரு நாள் முழுக்க ஏன் கிடக்குது?”

“விசாரிச்சுச் சொல்றேன் சார்.”

சீமைக்குப் போய் வந்தவருக்குக் காத்திருக்கிற பழக்கம் இல்லை. அப்போதே எழுந்து கிணற்றடிக்கு நடந்தார். பின்னாலேயே இவனும் ஓடினான். ஈரத்தோலை இறக்கிக்கொண்டிருந்த பெண்களிடம் அவர் அதே கேள்வியைக் கேட்க, அமிர்தவள்ளிதான் வாய் திறந்தாள்.

“தண்ணி தொறக்கற சாவி மேஸ்திரி இடுப்புல இருக்குது சாயபு. அவரு மத்தியானத்துக்கு மேலதான் வருவாரு. சில நாள் வரவே மாட்டாரு. அந்த முக்கோணம் நான் சொல்லித்தான் அது போட்டுச்சு.”

‘அது’ என்று அவள் சொன்னது தன் புருஷனை. சொல்லிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள், இருவரும் சேர்ந்து செய்த காரியம் என்பதுபோல. அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவளுக்கும் ஆள் போயிற்று. கால் கழுவிவிட்டு ஆபீஸ் தாழ்வாரத்தில் வந்து நிற்பாள். லியாகத் அலி தாளை அவள் பக்கம் திருப்பி வைப்பார். விரலை நீட்டி அவள் சொல்லச்சொல்ல, அவர் அழிப்பார், போடுவார். இருதயராஜ் தன் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பான். முன்பெல்லாம் அள்ளிச் செருகிய கொண்டையோடு வந்தவள் இப்போது பின்னல் போட்டு வந்தாள். பாதையில் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். வீட்டில் சோறு போடும்போது, “ஒரே நேரத்துல ரெண்டு வேலை நடந்தா கோட்டைப் பிரிக்கணுமா?” என்று கேட்டாள். “எனக்குத் தெரியாது” என்றான். தெரியும். பக்கத்து மேசை ஹயாத் பாஷா, “தோஸ்த், உன் சம்சாரத்துக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லட்டா?” என்றபோது மற்றவர்களோடு சேர்ந்து தானும் சிரித்தான்.

சின்ன சாயபு லியாகத் அலி மேல் சந்தேகம் என்றால் பரவாயில்லை. அது ஊருக்குத் தெரிந்த நோய், ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். அவனுக்கு அந்த மனிதர் மேல் ஒன்றும் இல்லை. அவளுடைய கண் மேல்தான் இருந்தது எல்லாம். ஒரே முற்றத்தில் பதினொரு வருஷம் நின்றும் தன் கண்ணில் படாதது அவள் கண்ணில் எப்படிப் பட்டது? இதை யாரிடம் போய்ச் சொல்வது? பாதிரியார் கேட்டால் சிரித்துவிடுவார்.

வியாழக்கிழமை ஷாப் சங்கு ஊதியபின் வீட்டுக்கு நடக்கும்போது அவனால் அடக்க முடியவில்லை.

“இந்தப் படம் எதுக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“எதுக்கு?”

“அந்தச் சின்ன வட்டத்தையெல்லாம் கம்மி பண்ணத்தான். தண்டவாளம் போட்டு ஒரு தள்ளுவண்டி விட்டா பாதி வட்டம் காணாமப் போயிடும். சின்ன வட்டம்னா இன்னான்னு நெனச்சினு கீற? நீதான். முனியம்மாதான். உங்கூட தோலு தூக்கற அந்தப் பதினாறு பொம்பளைங்கதான்.”

அவள் நின்றுவிட்டாள். எதிரே வந்த மாட்டுவண்டி அவளைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

“இது உனக்கு எப்பத் தெரியும்?”

“மொதல்லேந்தே.”

“ஞாயித்துக்கெழம நான் சொல்லச்சொல்ல போட்டுக்கினியே, அப்பவும் தெரியுமா?”

அவன் தூரத்தில் போய்க்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தான். அவள் வீடு வரை அவனுக்கு முன்னால் நடந்தாள். இனிமேல் ஆபீஸ் பக்கம் வரமாட்டாள் என்று நினைத்தான். அந்த நினைப்பு இனித்தது. இனித்ததே என்று அருவருப்பாகவும் இருந்தது.

மறுநாள் ஆள் வருமுன்பே அவள் தாழ்வாரத்தில் நின்றாள். பின்னல் இல்லை. லியாகத் அலி தாளைத் திருப்பி வைத்தார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

“சின்ன வட்டத்தை அழிச்சா நாங்க எங்க போறது சாயபு?”

ஹயாத் பாஷாவின் பேனா நின்றது. லியாகத் அலி ஒரு கணம் இருதயராஜைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் ரொம்பச் சின்னவராகத் தெரிந்தார்.

“அது இந்தப் படத்துல இல்லம்மா.”

“அப்ப படம் இன்னும் முடியல. தோலு எங்க போவுது, எங்க கெடக்குதுன்னு கேட்டீங்க, சொன்னேன். எங்களுக்கும் ஒரு கோடு போட்டுப் பாருங்க. காலையிலேந்து நாங்க எங்க போறோம், எங்க நிக்கறோம், எங்களுக்கு வேற இன்னா வேலை தெரியும்னு.”

அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“மாமா என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா காட்டறேன்” என்றார் கடைசியில். “இருதயராஜ், இவங்க சொல்லட்டும், நீங்க போடுங்க. சாயந்தரத்துக்குள்ள வேணும்.”

ஒரு மாதத்துக்கு மேலாக அவன் வாயிலேயே கிடந்த கேள்வி அது. அவனால் அதை மனைவிமேல்தான் எறிய முடிந்தது. அவளோ நேராகக் கொண்டுபோய்க் கேட்கவேண்டிய மேசையில் வைத்துவிட்டாள். இதற்கு முன்பு அவன் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை என்று தோன்றியது. இதுதான்.

பலகையில் புதுத் தாளைக் குத்திக்கொண்டு அவள் பின்னால் போனான். அவள் வேலையை நிறுத்தவில்லை. தூக்கிக்கொண்டே சொன்னாள். “இங்க முனியம்மா குழியில எறங்கறா, பெரிய வட்டம். இங்கேந்து கெணறு, சின்ன வட்டம். இங்க சாவிக்குக் காத்துனு நிக்கறோம்.” அவன் முக்கோணம் போட்டான்.

“எத்தினி நேரம்?” என்று கேட்டான். இத்தனை நாளில் உண்மையாகவே தெரியாமல் அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி.

“நெழலு அந்தச் செவுத்துலேந்து இந்தச் செவுத்துக்கு வர்ற வரைக்கும்.”

பாலாற்றுப் பக்கமிருந்து காற்று ஒன்று கிளம்பி தாளைப் பிய்க்கப் பார்த்தது. சுண்ணாம்புக் குழியிலிருந்து அப்போதுதான் கையெடுத்த அமிர்தவள்ளி சட்டென்று ஓரத்தைப் பிடித்து அழுத்தினாள். காற்று அடங்கியதும் விட்டுவிட்டுப் போனாள். ஈரம் காயக்காய, கோட்டுக்குப் பக்கத்தில் நான்கு விரல்கள் வெள்ளையாக எழும்பி வந்தன. பெரிய முதலாளி மேசைக்குப் போகவேண்டிய தாள். சுரண்டுவதற்கு நகத்தைக் கொண்டுபோனவன், தாளைத் தொடாமல், அந்த வெள்ளைக்கு மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றான். அவள் அடுத்த குழிக்குப் போய், திரும்பாமலே, “வர்றியா?” என்றாள்.