மாமனார் மடித்த சிலுவை

மாமியாரைப் புகழ்ந்து பேசும் மருமகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

போன குருத்து ஞாயிறன்று, சாமியார் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கையிலேயே, என் மாமனார் தன் குருத்தோலையைச் சிலுவையாக மடித்து மாமியார் மடியில் போட்டார். பிரசங்க நேரத்தில் அந்த மனிதர் தூங்காமல் செய்த ஒரே காரியம் அதுதான். உயிர்ப்புத் திருவிழா முடிந்த மறுவாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் அந்தச் சிலுவையைச் சுவரில் மாட்டியிருந்த பாடுபட்ட இயேசு சுரூபத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். எங்கள் ஓலைகளும் அங்கேதான் இருந்தன. ஆனால் காலையில் அவர் தொட்டுக் கும்பிடுவது அந்த ஒன்றை மட்டும்.

தவக்காலம் தொடங்கும் முன் வீடு வீடாகப் பழைய ஓலைகளைத் திரும்ப வாங்கி எரிப்பார்கள். அந்தச் சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுவது. செவ்வாய்க்கிழமை, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை சாக்கோடு வந்தபோது மாமியார் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். பழக்கதோஷம், சுரூபத்துக்குப் பின்னால் கையை விட்டு இருந்ததையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். மத்தியானம் சுவரைத் துடைக்கும்போதுதான் மாமனாரின் சிலுவையும் சாக்கில் போய்விட்டது உறைத்தது.

ஓடினேன். கோயில் பின்கட்டில் கோயில்பிள்ளை டீ வடிகட்டியில் சாம்பலைச் சலித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டு ஓலை?"

"எல்லா வீட்டு ஓலையும் இதாம்மா" என்று தட்டைக் காட்டினார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேற ஒண்ணு மடிச்சுக் காயவச்சுச் செருகிடு. அம்மாவுக்குத்தான் கண்ணு சரியில்லையே" என்றார். பெற்ற பிள்ளை சொல்கிற யோசனையைப் பாருங்கள்! கண் தெரியாவிட்டால் விரலுக்குமா தெரியாது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் ஆகாது.

மாமியார் வந்து செருப்பைக் கழற்றியதுமே சொல்லிவிட்டேன். "அத்தை, மாமா மடிச்ச சிலுவையத் தூக்கிக் குடுத்துட்டேன். எரிச்சுட்டாங்க."

ஒரு கரண்டி காணாமல் போனாலே தெருவைக் கூட்டுகிறவர். அன்று சுரூபத்தின் பின்னால் விரலை விட்டுத் தடவினார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார். நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

மறுநாள் பூசையில் நான் கடைசித் தூணோரம் நின்றுகொண்டேன். எந்த முகத்தோடு போய்ச் சாம்பல் வாங்குவது? மாமியார் போனார், நெற்றியைக் காட்டினார். திரும்பி வரும்போது நடுவழியில் நின்று, வரிசையிலிருந்து திரும்புகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"நீ போகலையா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"வீட்ட விட்டாக் கோயிலு, கோயில விட்டா வீடுன்னு கெடந்த மனுஷன். ஒரு கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டா வருவாரா? இன்னைக்குப் பாரு, ஒரு நெத்தி விடாம ஏறி உக்காந்திருக்காரு."

சிரிக்கத்தான் பார்த்தார், உதடு கோணிக்கொண்டது. தன் நெற்றிச் சாம்பலைப் பெருவிரலில் தொட்டு என் நெற்றியில் சிலுவை போட்டார்.

"மருமகள மட்டும் விட்டுட்டா மாமா கோவிச்சுக்குவாரு."

கோயில் என்றும் பார்க்காமல் நான் வாய்விட்டு அழுதேன்.