துண்டுக்கடியில் மூன்றாவது கை

ஐயம்பேட்டை துரைக்கண்ணு, சூடேறிப்போன செல்போன் மேல் ஈரத் துண்டைப் போட்டு மூடி, அதை அணைக்கலாமென்று அடியில் கையை விட்டபோது, நாசிக்கிலிருந்து ஒரு பெண்ணின் கை வந்து அவருடைய இரண்டு விரல்களைப் பிடித்தது. தக்காளி கிலோ நாற்பது விற்ற கத்திரி வெயில் அது.

துரைக்கண்ணு பழைய பட்டுப் புடவை விற்கிறவர். பழைய பட்டை வீடு வீடாகக் கேட்டு வாங்குகிற ஆட்கள் வழக்கமாக அதை எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். இவர் எரிக்கவில்லை. கிழியாத புடவையை அலசி நிழலில் உலர்த்தி, மனைவி தேவகியின் தோளில் போட்டுப் படமெடுத்து, இணைய ஏலத்தில் விட்டார். ஆரம்பத்தில் ஏலக் கம்பெனி கட்டணமே கேட்கவில்லை. பிறகு நூற்றுக்கு ஐந்து, அப்புறம் எட்டு, அப்புறம் பன்னிரண்டு. ஒவ்வொரு தடவையும் ‘தங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்யும்பொருட்டு’ என்று அறிவிப்பு வரும். இந்த ஊரில் எந்த உண்டியலும் அவ்வளவு பணிவாகக் கேட்டதில்லை. அதற்கு மேல் விளம்பரக் காசு. கட்டினால் புடவை முதல் பக்கத்தில் நிற்கும். கட்டாவிட்டால் முப்பதாம் பக்கத்துக்குப் போகும், அங்கே கம்பெனிக்காரனே போய்ப் பார்த்திருக்க மாட்டான். துரைக்கண்ணு கட்டினார். அதைப் பார்த்து, அதே தொழில் செய்யும் அடுத்த தெரு சத்யராஜும் கட்டினான். அவனைப் பார்த்து மற்றவர்கள் கட்டினார்கள். கருட சேவைக் கூட்டத்தில் முன்னால் நிற்கிறவன் எக்கினால் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் எக்க வேண்டியதுதான். எல்லோருக்கும் தெரிவது முன்பு தெரிந்த அதே சாமிக் குடையின் நுனிதான். குதிகால் வலி மட்டும் புதுசு.

“முன்னாடி எங்க நின்னனோ அங்கதாண்ணா நிக்கிறேன். நிக்கறதுக்கு வாடகை வேற” என்றான் சத்யராஜ்.

தேவகி தீர்ப்பே சொல்லிவிட்டாள். “இன்னொரு தபா ஏத்தினான்னா மூட்டையக் கட்டு. காந்தி ரோட்டு ஜவுளிக் கடையில சலாம் போட ஆளு கேக்கறாங்கோ. தொப்பி அவங்களே குடுப்பாங்களாம்.” காரில் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு நெற்றிக்குக் கை வைக்கும் வேலை அது. துரைக்கண்ணு, தாமலில் மாட்டுத் தரகர் வீட்டில் பிறந்தவர். கொத்துமல்லிக் கட்டைக்கூடப் பேரம் பேசாமல் வாங்கியதில்லை. விலைச் சீட்டு ஒட்டி விற்கிற கடை வாசலில் தொப்பியோடு நிற்பதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே நாசிக் கை விரலைப் பிடித்தபோது அவர் அலறவில்லை. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கமில்லை. துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடிப்பார்கள். இரண்டு விரலென்றால் இரண்டாயிரம். உள்ளங்கையைச் சுரண்டினால் கூட ஓர் ஐந்நூறு. சுற்றி நிற்பவன் எவனும் பார்க்கக் கூடாது. துரைக்கண்ணு, இரண்டு போதாதென்று மூன்று விரலைப் பிடித்தார். அந்தக் கை சற்று யோசித்து உள்ளங்கையைச் சுரண்டியது. இரண்டரைக்கு முடிந்தது. துண்டை எடுத்தபோது திரையில் நாசிக் விலாசம் இருந்தது, வங்கியில் பணம் இருந்தது. மறுநாள் மாம்பழ நிறப் புடவையைப் பார்சல் கட்டினார்.

ஆவணி, ஐப்பசி, கார்த்திகையென்று முகூர்த்த மாதங்களெல்லாம் அப்படியே ஓடின. மருதாணிக் கை, பிளாஸ்திரி ஒட்டிய கை, ஏசியில் விறைத்த சிங்கப்பூர்க் கை என்று எத்தனையோ வந்தன. கட்டணமில்லை, விளம்பரமில்லை. தேவகி தொப்பிப் பேச்சை விட்டாள்.

தை பிறந்து, பதினெட்டாக ஏற்றப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்த அன்று, சிங்கப்பூர்க் கையோடு பேசிக்கொண்டிருந்தபோது மூன்றாவதாக ஒரு கை நுழைந்தது. அதற்கு ரேகையில்லை, நகமில்லை. விரலைத் தொடாமல் நேராக மணிக்கட்டைப் பிடித்தது. சிங்கப்பூர்க் கை பயந்து ஓடிவிட்டது.

“கம்பெனிக் கைதான். இழுத்துக்கினு வாய்யா வெளிய!” என்றாள் தேவகி.

“இரும்மா. வெல கேக்குது.”

“அது எங்க கேக்குது? புடுங்குது!”

புத்தியுள்ளவன் கையை உதறியிருப்பான். ஆனால் துண்டுக்கடியில் வந்த கையோடு விலை பேசாமல் எழுந்திருப்பது தரகர் வீட்டில் அப்பனை அவமதித்த மாதிரி. துரைக்கண்ணு மணிக்கட்டைத் திருப்பி, அந்தக் கையின் விரல்களைப் பிடித்து நூற்றுக்கு எட்டு என்றார். கம்பெனிக் கை திகைத்தது. எடுத்துத்தான் அதற்குப் பழக்கம். எவ்வளவு என்று அதுவரை யாரும் அதனிடம் கேட்டதில்லை. நெடுநேரம் கழித்துப் பதினெட்டு என்று அழுத்தியது. இவர் எட்டு. அது பதினெட்டு. தொப்பிக்குத் தலையளவு சொல்லப் புறப்பட்ட தேவகி, செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். பேரம் முடிகிறவரை மாடு பழையவனுடையது என்பது சந்தை நியாயம். பேரம் முடியாத கட்டணமும் அப்படித்தானே?

அப்படித்தான் ஆயிற்று. அடுத்த மாதம் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் பதினெட்டு பிடித்தார்கள். துரைக்கண்ணு கணக்கில் மட்டும் பன்னிரண்டு. தேவகியின் போனில் ஏலம் நடந்தது, இவர் துண்டோரம் உட்கார்ந்து இடக்கையால் சாப்பிட்டார். சத்யராஜ் வந்து பார்த்தான். “மரத்துப் போயிருக்கும்ணா. வுடு, நா கொஞ்சம் புடிக்கிறேன்.” தரகு கைமாறலாம், அதில் தப்பில்லை. அவன் பிடித்த அன்றிலிருந்து அவனுக்கும் பன்னிரண்டு. விஷயம் பரவி, திருப்புட்குழியிலிருந்து பித்தளை விளக்கு ஏலம் விடும் ஜீவிதா ஷேர் ஆட்டோவில் வந்தாள். பிறகு மற்றவர்கள். முறை வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் கட்டணம் பன்னிரண்டுக்குக் கீழே இறங்கவில்லை; மேலே ஏறவுமில்லை. விளம்பரக் காசைப் பழையபடியே கட்டி, பழைய இடத்திலேயே நின்றார்கள். இந்தக் காலத்தில் அதையும் லாபத்தில்தான் சேர்க்க வேண்டும்.

பங்குனியில் அந்தக் கை பதினேழரைக்கு இறங்கியது. ஒரு மத்தியானம் தன் முறைக்கு உட்கார்ந்த தேவகி, “பாவம்பா, இதுக்கும் வேர்க்குது” என்றாள். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தேய்த்துவிட்டாள். அதற்கு மெல்லிசாக நகம் முளைக்கிறது என்றும், உள்ளங்கையில் ஒரு ரேகை தட்டுப்படுகிறது என்றும் சொன்னாள். யாரும் ஆச்சரியப்படவில்லை. பேரம் பேசினால் யாருக்கும் அப்படித்தான்.

இப்போது அது பதினேழில் நிற்கிறது, துரைக்கண்ணு எட்டில் நிற்கிறார். இரண்டு பக்கமும் களைப்புதான். விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் துண்டை மாற்றித் துவைத்துப் போடுகிறார்கள். அப்போது அங்கிருக்கிற எல்லோரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். விலை பேசும் கையைப் பார்ப்பது மரியாதையில்லை.