கழுத்து மடங்காமல்

அங்கம்மாளின் தலை பக்கவாட்டில் சாயும்போதெல்லாம் மாரியப்பன் இரண்டு உள்ளங்கைகளாலும் தாங்கி நேராக்கினான். கழுத்து மடங்கினால் தலையிலிருந்து ரத்தம் சரியாக இறங்காது, உள்ளே அழுத்தம் கூடும் என்று நர்ஸ் ஆலிஸ் சொல்லியிருந்தார். அந்தத் தீவிர சிகிச்சை அறையில் மனைவிக்காக அவன் செய்யக்கூடியது அது ஒன்றுதான். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். மற்ற நேரமெல்லாம் சுருட்டி வைத்த துணி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது.

இருபத்தாறு வருடமாகக் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவன். நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோனால் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டத் தெரியும். இங்கே கையை எங்கே வைப்பது என்றுகூட ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் அங்கம்மாளின் தங்கை வீட்டில் சாப்பிட்டுவிட்டு பைக்கில் திருவொற்றியூர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. ஒதுங்கப் பார்த்தவன் வண்டியைப் பள்ளத்தில் விட்டான். பின்னால் உட்கார்ந்திருந்த அங்கம்மாள் சரிந்து மல்லாக்க விழுந்தாள். விழுந்தவள் தானே எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். பின்மண்டையைத் தேய்த்தபடி, "வண்டிக்கு இன்னா ஆச்சு பாருய்யா" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று அவன் இரண்டு தடவை சொன்னான். விடிந்தால் ஏலத்தில் மீன் எடுக்கப் போகணும், சும்மா இரு என்று அடக்கிவிட்டாள். விளக்கு வைக்கிற நேரத்தில் வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு, சின்ன ரத்தக்கட்டுதான், வைத்துக் கவனிக்கலாம் என்றார்கள். திங்கட்கிழமை காலையில்கூட மகள் மலரிடம் போனில், குழம்புக்குப் புளியை அள்ளிப் போடாதே என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மதியம் பேச்சு குழறியது.

"யோவ், கை மரத்துப் போன மாதிரி கீதுய்யா" என்றாள்.

அதுதான் கடைசி. மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, மூளை வீங்குவதற்கு இடம் விட்டிருப்பதாக அன்று மாலை சொன்னார்கள்.

வியாழக்கிழமை மதியம் டாக்டர் சௌமியா அவனை வெளியே அழைத்தார். மலர் வயதுதான் இருக்கும். சரியாகத் தூங்காத கண்கள். கீழே விழுந்தபோது கெட்டது கொஞ்சம்தான், அதற்குப் பிறகு உள்ளே கெட்டதுதான் அதிகம் என்று பொறுமையாகச் சொன்னார். மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் சுவரில் ஒரு தடுப்பு உண்டு, கண்டதையும் மூளைக்குள் விடாது. அடிபட்டதில் அந்தத் தடுப்பு விட்டுப்போய் நீர் கசிகிறது. மூளை வீங்க வீங்க, மணிக்கு மணி நரம்பு செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. உப்புநீர் ஏற்றி வீக்கத்தை இழுத்துப் பார்த்தாயிற்று. மருந்தில் தூங்க வைத்தும் பார்த்தாயிற்று.

"அந்தக் கசிவ அடைக்க மருந்து இல்லியா டாக்டரம்மா? எங்க கீதுன்னு சொல்லுங்க, நான் போய் வாங்கியாறேன்."

"எங்கயும் கிடைக்காதுங்க. அதுக்கான மருந்தை இன்னும் எலிக்குத்தான் குடுத்துப் பாத்துட்டிருக்காங்க."

"எலி பொழச்சிக்குதா?"

"சிலது" என்றார்.

அவன் தலையாட்டினான். ஏதோ நல்ல சேதியைக் கேட்டதுபோல ஒரு கணம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று மாலை பத்து நிமிடம் முடிந்த பிறகும் ஆலிஸ் அவனை வெளியே போகச் சொல்லவில்லை. அதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அங்கம்மாளின் தலை அவன் கைக்குள் சூடாகத்தான் இருந்தது. சௌமியா வந்து இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். மருந்தை மாற்றினார், மறுபடி பார்த்தார். சிறிது நேரத்தில் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. அவன் கையை எடுக்கவில்லை. ஆலிஸ் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார்.

"இனிமே வேணாங்கண்ணா."

விபத்துச் சாவு என்பதால் மறுநாள் காலை போலீஸ் வர வேண்டியிருந்தது. பிணவறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஏட்டு சௌக்கத் அலி அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். பெயர், வயது, மீன் வியாபாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

"வண்டிய ஓட்டுனது யாரு?"

"நான்தான் சார்."

"ஹெல்மெட்?"

"வூட்ல ஒண்ணுதான் சார் கீது. என் தலைல இருந்திச்சு."

பேனா நின்றது. பிறகு மெல்ல எழுதியது. வழக்கு அவன் மேல்தான் பதிவாகும், சட்டம் அப்படி, பயப்பட வேண்டாம் என்று ஏட்டு தாழ்ந்த குரலில் சொன்னார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் மாரியப்பன் கேட்டான்.

சற்றுத் தள்ளி மலர் நின்றிருந்தாள். அம்மாவுக்குக் கட்டுவதற்காக வாங்கி வந்த புதுப் புடவையைப் பிரித்து, ஓரத்தில் தொங்கிய விலைச்சீட்டின் நைலான் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். அது லேசில் அறுபடுவதாக இல்லை.