மட்டை கொடுத்த கை

விடியும் முன்பே புல்லில் இறங்கிவிட வேண்டும். இரவெல்லாம் மலையில் இறங்கிய பனி புல் நுனிகளில் கோத்து நிற்கும். நீளமான மூங்கில் கழியைத் தரையோடு தரையாக வீசி அதைத் தட்டிவிட்டால்தான் பந்து நேராக உருளும். பந்து உருளாவிட்டால் விளையாட வந்த துரைமாரின் முகம் கறுத்துவிடும். சப்பாத்துப் போட்டால் புல்லில் தடம் விழும் என்று வெறுங்காலோடுதான் வேலை. பழனிமுத்துவின் கால்விரல்கள் மரத்துப்போய், தன்னுடையவைதானா என்ற சந்தேகமே அவனுக்கு வந்துவிட்டது. விரலிடுக்கில் அட்டை கடித்திருந்தது இரத்தம் வழிந்த பிறகுதான் தெரிந்தது.

அவன் கொழும்பு முகத்துவாரத்து ஆள். உப்புக்காற்றில் ஊறிய உடம்பு. பசிக்குப் பயந்து இதுபோன்ற ஒரு மலையிலிருந்துதான் அவன் அப்பன் கொழும்புக்கு இறங்கினான். மகனை மறுபடி மலைக்கு ஏற்றியதும் அதே பசிதான், பஸ் மட்டும் கொம்பனியுடையது.

கொம்பனிக்கு இரண்டு கொல்ஃப் மைதானங்கள். ஒன்று களனி ஆற்றோரம். மற்றது இங்கே, மூடிப்போன தேயிலைத் தோட்டமொன்றை மழித்து உண்டாக்கியது, பக்கத்தில் உல்லாச விடுதியும் உண்டு. வெளிநாட்டு விருந்தாளிகள் வரும்போதெல்லாம் கொழும்புக் கெடிகளைக் கொண்டுவந்து உரக்கொட்டிலில் படுக்க விடுவார்கள். விளையாடுகிறவரின் மட்டைப்பையைத் தோளில் சுமந்துகொண்டு அவர் பின்னால் மேடுபள்ளமெல்லாம் நடக்கிறவனுக்குத்தான் கெடி என்று பெயர். நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தாகிவிட்டது என்று சொல்லி அவர்களுடைய சம்பளத்தைக் குறைத்தார்கள். நாடு நிமிர்ந்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்தது, சம்பளம் மட்டும் குனிந்தபடியே கிடந்தது.

அழகுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கீழே நீர்த்தேக்கம், எதிரே அருவி, முகில் வந்து தோளில் உரசிவிட்டுப் போகும். விருந்தாளிகள் வாயைப் பிளந்துகொண்டு படம் பிடித்தார்கள். பையின் வார் தோளெலும்பை அறுக்கிறவனுக்கு அருவி எந்தப் பக்கம் விழுந்தால் என்ன?

அன்று முதலாளி சிவபாலனே ஆட வந்திருந்தார். விடுதியில் பணம் போடக்கூடிய இரண்டு வெள்ளைக்காரர்களையும் அழைத்து வந்திருந்தார். அவருடைய பை பழனிமுத்துவின் தோளில். வெள்ளைக்காரர் ஒருவரின் பை விமலசேனவின் தோளில். விமலசேன சிங்களவர், வயதில் மூத்தவர். பழனிமுத்துவை அவர் தம்பி முறையில் ‘மல்லி’ என்பார், இவன் அவரை அண்ணன் முறையில் ‘அய்யே’ என்பான்.

பாதி ஆட்டத்தில் குருட்டுக் குழி வந்தது. அந்தப் பெயர் கெடிகள் வைத்தது. அடிக்கிற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு மேடு மட்டும்தான் தெரியும். மேட்டுக்கு அந்தப்புறச் சரிவில், பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் கொழுந்து நிறுக்கப் போகிற ஒற்றையடிப்பாதை குறுக்கே ஓடுகிறது. அதனால் மேட்டில் ஒருத்தி சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்து நிற்பாள். பாதையில் ஆள் இருக்கும்வரை துண்டு மேலே. ஆள் போனதும் துண்டைத் தாழ்த்திவிட்டுப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். துண்டு தாழும்வரை கெடி பையிலிருந்து மட்டையை எடுக்கவே கூடாது. இது கொம்பனி போட்ட சட்டமில்லை, கெடிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட கட்டு.

அன்று மேட்டில் நின்றவள் ஜீவராணி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பின்வீட்டு அறையில் மகளோடு இருக்கிறாள். பெண்களுக்குப் பை கொடுப்பதில்லை. பந்து பார்க்கவும் துண்டு பிடிக்கவும் என்று பாதிச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள்.

“மட்டையைத் தா” என்றார் சிவபாலன்.

“துண்டு மேல இருக்கு சேர். கொழுந்துக்காரிங்க போறாங்க போல.”

“எவ்வளவு நேரம் நிக்கிறது? வந்த மனிசர் பாத்துக்கொண்டு நிக்கினம். தா எண்டாத் தா.”

களனி மைதானம் உள்ளங்கை மாதிரித் தட்டை. அங்கே கேட்டதும் கொடுத்துப் பழகிய கை. முதலாளி சும்மா காற்றில் வீசிப் பார்க்கத்தான் கேட்கிறார் என்று பழனிமுத்து தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பெரிய மட்டையை உருவி நீட்டினான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சிவபாலன் ஒருதரம்கூட வீசிப் பார்க்கவில்லை. நேரே அடித்துவிட்டார்.

பந்து போன திசையைக் கண்டதும் விமலசேன கத்தினார். மேட்டில் சிவப்புத் துண்டு சட்டென்று விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஜீவராணி முழங்காலில் இருந்தாள். இடது கண்ணைப் பொத்தியிருந்த விரல்களுக்கு நடுவால் இரத்தம் இறங்கி முழங்கையில் சொட்டியது. கீழே பாதையில் கொழுந்துக்காரிகள் கூடைகளோடு விறைத்துப்போய் நின்றார்கள். சிவபாலன் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

“பந்து எங்க போய்க் கிடக்கு?”

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பிறகுதான் அவளைக் கண்டார். கண்டதும் முகம் வெளிறியது உண்மைதான், இல்லாததைச் சொல்லக் கூடாது. ஆனால் வெள்ளைக்காரர்கள் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சிரித்துச் சொன்னார்.

“கொட்டிலுக்குக் கொண்டுபோய் ஐஸ் வையுங்கோ. வான் சாப்பாடு எடுக்கப் போயிட்டுது. ஆட்டம் முடியட்டும், அனுப்புறன்.”

விமலசேன தோளிலிருந்த பையைத் தொப்பென்று போட்டுவிட்டு அவளைத் தாங்கிக்கொண்டு இறங்கினார். அவர் போட்டுவிட்டுப் போன பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மிச்ச ஆட்டம் முழுவதும் நடந்தவன் பழனிமுத்து. நக்குண்டார் நாவிழந்தார் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒவ்வொரு குழியிலும் முதலாளி கை நீட்டினார், இவன் மட்டை கொடுத்தான்.

வான் வந்து, மலை இறங்கி, ஆஸ்பத்திரி மாறி, கொழும்புக்கு வந்து சேர்வதற்குள் நேரம் போய்விட்டது. விழியை எடுக்கவேண்டியதாயிற்று.

கொழும்புக்குத் திரும்பியதும் சிவபாலன் தன் வெள்ளவத்தை வீட்டுக்குப் பழனிமுத்துவைக் கூப்பிட்டார். கடலைப் பார்த்த மாடிவீடு. கீழே தண்டவாளத்தில் கோச்சி ஓடினால் மேலே ஜன்னல் கண்ணாடி அதிரும். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். இவன் நின்றான்.

“துண்டு இறங்கினதைக் கண்டுதானே நீ மட்டையைத் தந்தனி?”

“இல்ல சேர். துண்டு மேலதான் இருந்துச்சு. நான் சொன்னேனே.”

“வடிவா யோசி. துண்டு மேல இருக்கேக்க மட்டை தந்தனி எண்டால் பிழை ஆரின்ர? பொலிஸ் வந்தால் முதல் கேள்வி உன்னட்டத்தான்.”

அந்தக் கேள்வியைப் பழனிமுத்து தன்னிடமே கேட்டுக் கேட்டுத்தான் தூக்கமில்லாமல் கிடந்தான்.

“துண்டு இறங்கினது, அவள் ஒளியப் பிந்திப்போனாள். இவ்வளவுதான் நீ சொல்லவேண்டியது. உனக்கு நிரந்தர வேலை. அவளுக்கும் ஏதாவது பாத்துச் செய்வம். நாங்கள் தமிழாக்கள், எங்களுக்குள்ள முடிக்கிற விசயத்தை ஏன் ரோட்டுக்குக் கொண்டு போவான்?”

சம்பளத்தைக் குறைத்தபோது இந்தத் ‘தமிழாக்கள்’ எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம், நாளைய சோறு எல்லாம் கண்முன்னால் வந்து நின்றன.

“சரி சேர்” என்றான்.

படியிறங்கும்போது தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். எதற்கென்று அவனுக்கே தெரியாது, போகாமல் இருக்க முடியவில்லை.

வார்டில் ஜீவராணி பாதி முகத்தில் கட்டோடு கிடந்தாள். பக்கத்தறைக்காரி பைறோஸா கட்டிலோரம் இருந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஜீவராணி அவனைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள்.

“அண்ணே, மெனேஜர் வந்துட்டுப் போனாரு. நாந்தான் துண்ட எறக்கிட்டேன்னு சொல்றாரு. நான் எறக்குனேனா? நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், மண்டையில ஒன்னுமே நிக்க மாட்டேங்குது. பந்து அந்தக் கொழுந்துக்காரிங்க மேல பட்டிருந்தா என் பாவம் எங்க போயி தொலையும்?”

“வந்த நேரத்துல இருந்து இதத்தான் பொலம்பிக்கிட்டு ஈக்கிறா” என்றாள் பைறோஸா. “கண்ணு போனதுக்குக்கூட இப்பிடி அழல்ல.”

கண்ணை எடுத்தது போதாதென்று, அவள் தன்னையே நம்பமுடியாமல் ஆக்கிவிட்டார்களே! பழனிமுத்துவும் சற்று முன்தான் அதற்குச் சரி சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

“நீ எறக்கல ராணி. துண்டு மேலதான் இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துக்கிட்டேதான் மட்டைய எடுத்துக் குடுத்தேன்.”

பைறோஸாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஜீவராணி கட்டில் விளிம்பில் இருந்த கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். மிஞ்சிய ஒற்றைக் கண் அவன் முகத்தையே பார்த்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்பதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

“இத எங்கிட்ட மட்டும் சொல்லி என்னா பிரயோசனம்?” என்றாள் கடைசியில். “எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களா?”

“சொல்லாட்டி இனி இந்தப் பக்கம் வராதீங்க அண்ணன்” என்றாள் பைறோஸா.

மறுநாள் காலை களனி மைதானத்துக் கெடிக் கொட்டிலில் எல்லோரும் கூடியிருந்தபோது சொன்னான். மட்டை கொடுத்ததைச் சொன்னான். இரண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததைச் சொன்னான். வெள்ளவத்தையில் ‘சரி சேர்’ என்றதையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்குமுன்பே திலக்ஷன் என்கிற இளந்தாரிக் கெடி பாய்ந்து வந்து அவன் கொலரைப் பிடித்தான்.

“ஒங்கையாலதான்யா அவ கண்ணு போச்சு!”

பழனிமுத்து கையைத் தட்டிவிடவில்லை. அடி விழட்டும் என்றுதான் நின்றான். விமலசேன இடையில் வந்தார்.

“கொலர விடு மல்லி” என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். “நீ குடுத்தது இல்லயா? போன மாசம் புல்லு வெட்டுற ஆள் முன்னால நிக்கிற நேரம், தொர கேட்டது, நீ குடுத்ததுதானே? நானும் குடுத்தது. எங்கட நல்ல காலம், யாருக்கும் படல்ல.”

ஒவ்வொருவனும் தன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். கொடுக்காதவன் அங்கே ஒருவனும் இல்லை. கட்டுப் போட்டதும் அவர்கள்தான், ஒரு துரை முறைத்ததும் அதை அவிழ்த்ததும் அவர்கள்தான். திலக்ஷனின் பிடி தளர்ந்தது.

“அப்ப இனி என்னா செய்றது?” என்றான்.

“இனி குடுக்க வேணாம்” என்றார் விமலசேன. “ஒருத்தரும் குடுக்க வேணாம்.”

லேசில் முடிந்துவிடவில்லை. இன்றைக்கு வேலை இல்லையென்றால் நாளைக்கு என்ன என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டதில் தப்பும் இல்லை. ஆனால் வெயில் ஏறியபோது மட்டைப்பைகள் எல்லாம் வாசல் புல்லில் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் கெடிகளும், துண்டு பிடிக்கிற பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

சிவபாலன் கார்க்கதவைத் திறந்தபடியே கத்தினார். “என்ன நாடகம் இது?”

“ஜீவராணி மேல பிழை இல்லன்னு கொம்பனி சொல்லணும் சேர்” என்று பழனிமுத்து எழுந்தான். “போன கண்ணுக்கு நட்டஈடு குடுக்கணும். அதுவரைக்கும் பை தூக்க மாட்டோம்.”

“நீ நேற்று என்னட்ட என்ன சொன்னனி?”

“சரி சேர்னு சொன்னேன். சோத்துக்குப் பயந்து சொன்னேன்.”

“பொலிசுக்குப் போவமோ?”

“போவோம் சேர், நானும் வாறேன். மட்டை குடுத்தது நான்னு சொல்றேன். அடிச்சது யாருன்னு நீங்க சொல்லுங்க.”

“மத்தியானத்துக்குள்ள ஒரு லொறி ஆக்களை இறக்கிக் காட்டுறன்” என்று சொல்லிவிட்டுச் சிவபாலன் கதவை அறைந்து சாத்தினார்.

சொன்னபடியே லொறி வந்தது. வந்தவர்கள் எல்லாம் முகத்துவாரத்து ஆட்கள், துறைமுகத்தில் அன்றாடம் வேலை தேடி நிற்பவர்கள். பாதிப்பேர் பழனிமுத்துவுக்குத் தெரிந்த முகங்கள். வெளியாள் என்றால் எதிர்த்து நிற்கலாம், ஒரே சந்தில் குடியிருக்கிற சொந்த லேன்காரனை என்ன செய்வது?

தனியாகவே லொறியடிக்கு நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் திலக்ஷன் வருவது தெரிந்தது.

“வழிய விடுப்பா” என்றான் லொறியில் முன்னால் நின்ற சாந்தகுமார். “இன்னைக்கு வேல இல்லாட்டி எங்க வீட்டுல அடுப்பு எரியாது. தெரியுமா?”

“தெரியும். எங்க வீட்டுலயும் எரியாது. ஒரு விசயம் சொல்றேன், கேட்டுட்டு நீங்க போங்க. தடுக்க மாட்டேன்.”

மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். குருட்டுக் குழி, மேலே நின்ற துண்டு, தான் கொடுத்த மட்டை, அவளுடைய கண். தெரிந்த முகங்களுக்கு முன்னால் சொல்லும்போது கொட்டிலில் சொன்னதைவிட அதிகமாகக் கூசியது. ஆனாலும் எதையும் விட்டுவிடவில்லை.

லொறியில் முணுமுணுப்பு எழுந்தது. மெனேஜர் மைதானத்துக் கேற்றுக்குள் நின்று “இறங்கி வாங்க, இறங்கி வாங்க” என்று கையாட்டினார். சாந்தகுமார் அவரைப் பார்த்தான், புல்லில் இருந்தவர்களைப் பார்த்தான், வாய்க்குள் ஏதோ தூஷணம் சொல்லிக்கொண்டு குதித்து இறங்கினான். கேற்றுப் பக்கம் போகவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் இறங்கினார்கள். சிலர் லொறியிலேயே தலையைக் குனிந்து நின்றார்கள். இரண்டு பேர் கேற்றுக்குள் போகவும் போனார்கள்.

ஜீவராணிக்குக் கண் திரும்பி வரப்போவதில்லை. சிவபாலன் ஒரு சொல்லுக்கும் இறங்கவில்லை, நாளைக்குப் பொலிஸ் வரும் என்றும் பேச்சு அடிபட்டது. சாந்தகுமார் புல்லுக்கு வந்து, எங்கே இருப்பது என்று தெரியாமல் தயங்கி நின்றான்.

“கொஞ்சம் தள்ளி இருங்கப்பா” என்றான் திலக்ஷன். எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள்.